அறுபதுக்குப் பின் வட்டெழுத்து

1989ஆம் ஆண்டு செப்டம்பரில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழக அரசு தருமபுரி மாவட்டத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கிருஷ்ணகிரி அப்போது பிரிந்திருக்கவில்லை. ஓசூரும் அரூரும் ஒரே மாவட்டம். ஊருக்கு ஊர் பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள்வரை ஒரு குழுவாகச் சேர வேண்டும், குறித்த நாளில் கூட வேண்டும், கையில் இருக்கும் சின்னத் தொகையைச் சேமிக்க வேண்டும், அதிலிருந்து தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ள வேண்டும். திட்டத்தின் சாரம் இவ்வளவுதான். தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு நாற்றங்கால் இந்த வறண்ட மாவட்டம். இங்கிருந்து சேலத்துக்கும் தென்னார்க்காட்டுக்கும், பிறகு மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் போனது. 1997-98இல் ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் மாநிலம் முழுக்க விரியத் தொடங்கியது.

அன்றைக்கு முப்பது வயதில் குழுவில் சேர்ந்தவர் இன்று அறுபதை எப்போதோ தாண்டிவிட்டார். அந்தக் குழுக்களின் வட்டிக் கணக்கையும் வங்கி இணைப்பையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே ஆட்கள், ஒரே கிழமை, ஒரே இடம், கையில் ஒரு நோட்டு, ஆளுக்கு ஒரு பொறுப்பு என்று ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து எழுவது மனித மூளைக்கும் உடம்புக்கும் என்ன செய்கிறது? முதுமை பற்றி ஆராய்பவர்கள் இப்போது மும்முரமாகக் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. பணி ஓய்வுக்குப் பிறகு பொழுதுபோக்குக் குழு ஒன்றில் சேர நினைப்பவருக்கும், புதிதாக ஒன்றைத் தொடங்க நினைப்பவருக்கும், விடையின் பாதி இந்த மாவட்டத்துப் பெண்களின் தீர்மான நோட்டில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் ஓய்வு என்ன செய்கிறது என்று பார்ப்போம். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020இல் 58லிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்ந்தது. அறுபதாவது வயதில், மாதக் கடைசி நாளில், மாலை போட்டு வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். மறுநாள் காலையிலிருந்து சம்பளம் குறைவது எல்லோருக்கும் தெரியும். பேச்சு குறைவது அவ்வளவாகத் தெரிவதில்லை. அலுவலகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பெயர்கள், எத்தனை அரசாணை எண்கள், யார் எந்த ஊருக்கு மாறுதலாகிப் போனார் என்ற எத்தனை செய்திகள்! இவை எதையும் நாம் மூளைப் பயிற்சி என்று நினைத்ததில்லை. ஆனால் அதுதான் பயிற்சி.

லண்டனில் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடரும் ஒயிட்ஹால் ஆய்வு இதை அளந்து பார்த்தது. ஓய்வுக்கு முன்னும் பின்னுமாகப் பல ஆண்டுகள் சோதிக்கப்பட்ட 3,433 பேரின் விவரங்கள் 2018இல் வெளியாயின. சொற்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லும் திறன், வயதின் காரணமாக எப்படியும் குறையும் வேகத்தைவிட, ஓய்வுக்குப் பின் 38% கூடுதல் வேகத்தில் குறைந்தது. இன்னொரு தகவலும் அதில் இருக்கிறது. உயர்ந்த பதவியில் இருந்தவர்களுக்கு வேலையில் இருந்தவரை அந்தச் சரிவு மெதுவாக இருந்தது. ஓய்வு பெற்றதும் அந்தச் சலுகை போய்விட்டது. வட்டாட்சியர் என்றாலும் அலுவலக உதவியாளர் என்றாலும், ஓய்வுக்குப் பின் மூளை ஒரே கணக்குதான் பார்க்கிறது.

சரி, குழுவில் சேர்ந்தால் மாறுமா? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் முதுமை ஆய்விலிருந்து ஓய்வு பெற்ற 424 பேரை எடுத்து ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2016இல் முடிவு வந்தது. ஓய்வுக்கு முன் இரண்டு குழுக்களில் இருந்து, பின்னரும் இரண்டிலும் தொடர்ந்தவர்கள் அந்த ஆறு ஆண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு 2%. ஒன்றை விட்டவர்களுக்கு 5%. இரண்டையும் விட்டவர்களுக்கு 12%. உடற்பயிற்சியை விடுவதால் வரும் ஆபத்துக்கு ஏறக்குறைய நிகரான அளவு இது. 2023இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு இன்னும் பெரியது. 16 நாடுகளில் 65 வயதுக்கு மேற்பட்ட 93,263 பேரிடம் கேட்டதில், பொழுதுபோக்கு ஒன்று உள்ளவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவு, வாழ்க்கை பற்றிய திருப்தி அதிகம். டென்மார்க்கில் 96% பேர் தங்களுக்குப் பொழுதுபோக்கு உண்டு என்றார்கள். ஸ்பெயினில் பாதிப் பேர்தான். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

இந்த எண்களைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்கக் கூடாது. நடக்க முடிகிறவர்தான் நடைப்பயிற்சிக் குழுவுக்கு வருவார். மூட்டு வலியும் மன வாட்டமும் உள்ளவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். குழுவால் உடம்பு நன்றாக இருக்கிறதா, உடம்பு நன்றாக இருப்பதால் குழுவுக்கு வருகிறாரா? பிரிட்டனில் சுமார் எட்டரை லட்சம் பெண்களைச் சராசரியாக 16 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2021இல் இந்தச் சந்தேகத்துக்கு வலு சேர்த்தது. வாசிப்பு, குழுச் செயல்பாடுகள், கற்றல் வகுப்புகள் எதிலும் ஈடுபடாதவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் மறதிநோய் கண்டறியப்படுவது அதிகமாக இருந்தது. ஆனால் பத்து ஆண்டு தாண்டிப் பார்த்தால் அந்தத் தொடர்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதாவது பலரிடம், குழுவிலிருந்து விலகியது நோயின் காரணமல்ல. வெளியே தெரியாமல் தொடங்கிவிட்ட நோயின் விளைவு. ஆகவே ‘இந்தச் சங்கத்தில் சேருங்கள், மறதிநோய் வராது’ என்று யாராவது துண்டறிக்கை கொடுத்தால் அதை மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம், நம்ப வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. இருபது வருடமாகப் பஜனைக்குப் போனவர் திடீரென்று போகப் பிடிக்கவில்லை என்றால், ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடாமல் ஒரு மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

சேர்கிறவரும் சேராதவரும் தாமாகப் பிரிந்து நிற்பதால்தான் இந்தக் குழப்பம். அதைத் தவிர்க்க ஒரே வழி, சீட்டுக் குலுக்கிப் போட்டது மாதிரி ஆட்களைப் பிரித்துச் சோதனை செய்வது. டெக்சாஸில் டெனிஸ் பார்க் என்ற உளவியலாளரின் குழு அதைத்தான் செய்தது; 2014இல் வெளியிட்டது. அறுபதிலிருந்து தொண்ணூறு வயதுவரை 221 பேர். சிலருக்கு டிஜிட்டல் புகைப்படக் கலை. கேமரா மட்டுமல்ல, கணினியில் படத்தைத் திருத்துவதும் சேர்த்து. சிலருக்குத் துணித் துண்டுகளை வடிவம் சேர்த்துத் தைக்கும் வேலை. சிலருக்கு இரண்டும். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம், மூன்று மாதம். இன்னொரு பிரிவினரை ஒரு மன்றமாகக் கூட்டி, அதே அளவு நேரம் ஊர் சுற்றவும், சமைக்கவும், படம் பார்க்கவும், அரட்டை அடிக்கவும் விட்டார்கள். புதிதாக எதையும் கற்கவில்லை. மற்றொரு பிரிவு வீட்டிலேயே இசை கேட்டுக்கொண்டும் சொல் விளையாட்டு ஆடிக்கொண்டும் இருந்தது.

மூன்று மாதம் கழித்து நிகழ்ச்சிகளை நினைவில் கொள்ளும் திறன் கூடியது புதிய கலையைக் கற்றவர்களிடம்தான், அதிலும் புகைப்படம் கற்றவர்களிடம் அதிகமாக. அரட்டை மன்றத்தினருக்குப் பொழுது இனிமையாகப் போனது. நினைவாற்றலில் சொல்லும்படி மாற்றம் இல்லை.

இந்த முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ டீக்கடை பெஞ்சில் காலை ஆறரைக்கு உட்காரும் பெரியவர்கள் ஏற்கெனவே ஒரு குழுதான். அது மனசுக்கு நல்லது. யாராவது இரண்டு நாள் வரவில்லை என்றால் தேடிப் போகவும் ஆள் இருக்கிறது. ஓய்வூதியர் சங்கக் கூட்டமும் தேவைதான். அகவிலைப்படிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் வேறு யார் பேசுவார்கள்? ஆனால் அதே அரசியலை அதே ஐந்து பேரோடு பேசுவதற்கு மூளை எதையும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. தெரிந்த தடத்தில் ஓடினால் போதும். தெரியாத ஒன்றில் மாட்டிக்கொண்டு தடுமாறும்போதுதான் ஒரே நேரத்தில் பலவற்றைக் கையில் வைத்திருக்கும் தற்காலிக நினைவும், புதியதைப் பதிந்துகொள்ளும் நினைவும் சேர்ந்து உழைக்கின்றன. கேமராவில் எந்தப் பொத்தான், கணினியில் எந்தக் கட்டளை, நேற்று என்ன தப்பு நடந்தது என்று அந்த மூன்று மாதமும் அவர்கள் விழித்துக்கொண்டேதான் இருந்திருக்க வேண்டும்.

இப்படிச் சேர்த்துவைப்பதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் அறிவுச் சேமிப்பு. 1988இல் ராபர்ட் காட்ஸ்மனும் சகாக்களும் முதியோர் இல்லம் ஒன்றில் இறந்த 137 பேரின் மூளைகளைப் பரிசோதித்தார்கள். அவர்களில் பத்துப் பேரின் மூளையில் அல்சைமர் நோய்க்குரிய படிவுகள் ஏராளமாக இருந்தன. ஆனால் உயிரோடு இருந்தபோது அவர்கள் மற்ற நல்ல நிலையில் இருந்தவர்களைப் போலவே, சில சோதனைகளில் கூடுதலாகவும், செயல்பட்டிருந்தார்கள். அவர்களின் மூளை கனமாகவும் இருந்தது, நரம்பணுக்களும் அதிகம். சேதம் வந்தாலும் மாற்று வழியில் வேலையை முடிக்க அவர்களிடம் இருப்பு இருந்தது என்பது விளக்கம். அந்த இருப்பு பெரும்பாலும் சிறு வயதுப் படிப்பிலும் வேலையிலும் சேர்வது. அறுபதுக்குப் பின் எவ்வளவு சேர்க்கலாம் என்பதில் இன்னும் விவாதம் உண்டு.

தருமபுரியில் டெனிஸ் பார்க்கின் புகைப்பட வகுப்புக்கு ஈடாக எது இருக்கும்? கேட்டால் நான் தயங்காமல் வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தைப் படிப்பது என்பேன். அதியமானின் தகடூர் என்று பெருமை பேசும் ஊர் இது. ஆனால் இம்மாவட்டத்தின் உண்மையான சொத்து வயல் வரப்பிலும் கோயில் ஓரத்திலும் நிற்கும் நடுகற்கள். ஆநிரையைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாடுகளை மீட்டு இறந்தவர்களுக்கு நட்ட கற்கள். பல்லவர் காலத்தவை பலவற்றில் வட்டெழுத்து வரிகள் உண்டு: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறு, அதாவது ஆநிரை. தருமபுரி நகரத்தில் இருக்கும் அகழ்வைப்பகத்தில் இவற்றை வரிசையாகப் பார்க்கலாம். தமிழ் தெரிந்தவருக்கே அந்த எழுத்து முதலில் புரியாது. மெய்க்குப் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு தெரியாது, பாதிக் கல் சிதைந்திருக்கும். ஒருவர் ‘ப’ என்பார், இன்னொருவர் ‘வ’ என்பார். பக்கவாட்டில் டார்ச் அடித்து நிழலில் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். மைப்படி எடுக்கத் தாளை நனைத்து ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்ற வேண்டும். கண், கை, நினைவு, வாதம் நான்குக்கும் வேலை. தனியாக ஒருவர் செய்தால் தப்பாகப் படிப்பார். நாலு பேர் நின்றால்தான் வாசகம் தேறும். மைப்படி எடுப்பதைத் தொல்லியல் துறை ஆட்களிடம் அனுமதியோடு கற்க வேண்டும் என்பதையும், கல்லில் சாக்பீஸோ மஞ்சளோ பூசக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கல் வேண்டாம் என்பவருக்கு ஏரி இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடந்துவருகிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் கைப்பேசியில் ஏற்றினால் அது ஒரு தரவு. ராமக்காள் ஏரியிலும் இலக்கியம்பட்டி ஏரியிலும் வாராவாரம் எண்ணும் ஆள் இருந்தால், பத்து வருடத்தில் அந்த நீர்நிலைகளுக்கு ஒரு வரலாறே கிடைக்கும். பணியில் இருக்கும் ஆராய்ச்சியாளருக்கு இல்லாத ஒன்று ஓய்வு பெற்றவரிடம் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை காலை.

பாட்டின் கதை வேறு. ஆக்ஸ்போர்டில் உளவியலாளர் ராபின் டன்பாரின் குழுவினர், முதியவர் பலர் சேர்ந்திருந்த சேர்ந்திசை வகுப்புகளையும் கைவினை, எழுத்து வகுப்புகளையும் ஏழு மாதம் ஒப்பிட்டார்கள், 2015இல் வெளியானது. பாடியவர்கள் முதல் மாதத்திலேயே ஒருவரோடொருவர் நெருங்கிவிட்டார்கள். ஏழாவது மாதத்தில் மற்ற வகுப்பினரும் அதே நெருக்கத்தை எட்டிப் பிடித்தார்கள். ஒரே தாளத்தில் மூச்சும் குரலும் அசையும்போது மூளையில் எண்டார்பின் சுரக்கிறது, வலி தாங்கும் அளவும் கூடுகிறது என்பது டன்பார் தரும் விளக்கம். மார்கழிப் பஜனை கோஷ்டிகளும் பென்னாகரம் பக்கத்துத் தெருக்கூத்துக் குழுக்களும் இதற்காக ஆய்வுக் கட்டுரை படிக்கக் காத்திருக்கவில்லை. கூத்துப் பாட்டைக் கேட்டு மட்டும் வளர்ந்தவர், அறுபதில் ஒரு பின்பாட்டுக்காரராக உட்கார்ந்து கற்றால் புதுமையும் தாளமும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். சிரிப்பு மன்றத்துக்கும் இதே தத்துவம்தான். 1995இல் மும்பைப் பூங்காவில் ஐந்து பேரோடு மருத்துவர் மதன் கட்டாரியா அதைத் தொடங்கியபோது நகைச்சுவைத் துணுக்குகள் இரண்டு வாரத்தில் தீர்ந்துபோயின; பிறகுதான் துணுக்கே இல்லாமல் சிரிக்கும் முறை வந்தது. அதில் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை, ஆனால் செய்கிறவர்கள் சந்தோஷமாகத்தான் தெரிகிறார்கள்.

எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்பதற்கும் ஒரு மதிப்பீடு உண்டு. அறிமுகமானவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து செலவிட வேண்டியிருக்கிறது என்று கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் கணக்கிட்டார். அவர் கேட்டது மாணவர்களிடமும் புதிதாக ஊர் மாறியவர்களிடமும். முதியவர்களுக்கு எண் மாறலாம். ஆனாலும் அந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு மணி நேரம் கூடும் குழுவில் முதல் நட்பு முளைக்க ஆறு மாதம், நெருக்கம் வர இரண்டு வருடம். மாதம் ஒருமுறை கூடினால் முதல் நட்புக்கே இரண்டு வருடம். இரண்டு கூட்டத்துக்குப் போய்விட்டு ‘அங்கே யாரும் நம்மோடு ஒட்டவில்லை’ என்று நின்றுவிடுகிறவர்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள்.

இவ்வளவு நேரம் ‘ஓய்வு’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தருமபுரி மாவட்டத்தின் 15 லட்சம் பேரில் நகர்ப்புறத்தில் இருந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தக்காளித் தோட்டத்திலும் மாந்தோப்பிலும் உழைப்பவருக்கு மாலை மரியாதையும் பணிக்கொடையும் கிடையாது. முதுகு முடியாது என்று சொல்லும் நாள்தான் ஓய்வு. பெண்களுக்கு அதுவும் இல்லை. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்களுக்கு 97. கணவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் மனைவிக்கு வேலை கூடுகிறது, காபி வேளைகள் உட்பட. பொழுதுபோக்குக் குழு என்று எழுதும்போது எழுதுபவர் மனதில் வருவது பெரும்பாலும் வேட்டியும் ஓய்வூதியமும் உள்ள ஆண்தான். இந்தியாவிலோ மறதிநோய் பெண்களிடமே அதிகம். படிப்பு கிடைக்காமல் போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அதனால்தான் 1989ஐத் திரும்பிப் பார்க்கச் சொல்கிறேன். கடன் கிடைக்கும் என்பதால்தான் அந்தப் பெண்களை வீட்டிலிருந்து விட்டார்கள். வந்தபின் அவர்கள் செய்தது கடனுக்கு மேலே. கையெழுத்துப் போடக் கற்றார்கள், வட்டிக் கணக்கு கற்றார்கள், வங்கிப் படிவம் நிரப்பக் கற்றார்கள். பெரிய மனிதர்கள் முன்னால் எழுந்து பேசினார்கள். முப்பது வயதிலேயே தெரியாத ஒன்றோடு வாரந்தோறும் மல்லுக்கட்டினார்கள். குழுவின் சட்டங்களும் கவனிக்கத்தக்கவை. எண்ணிக்கை இருபதைத் தாண்டாது, அதனால் வராதவர் யாரென்று உடனே தெரியும். வருகைப் பதிவேடும் தீர்மான நோட்டும் உண்டு. வராவிட்டால் அபராதம் என்று பல குழுக்களில் விதி. ஊக்குநர், பிரதிநிதி என்று பொறுப்பு உண்டு. அது ஒருவரிடமே தங்கக் கூடாது என்பது நெறி, நடைமுறையில் பல இடங்களில் தங்கிவிட்டது வேறு கதை. இன்று ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் முதியோருக்கென்றே சிறப்புக் குழுக்கள் அமைக்க வழி இருக்கிறது. அதன் கூட்டத்தில் கணக்கு முடிந்த பிறகு அரை மணி நேரம் பாட்டுக்கோ பல்லாங்குழிக்கோ பேத்தியின் கைப்பேசியைக் கையாளக் கற்பதற்கோ ஒதுக்கத் தனி அரசாணை தேவையில்லை.

பொறுப்பு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய, கொஞ்சம் சங்கடமான சோதனை இருக்கிறது. 1976இல் ரிச்சர்ட் ஷூல்ஸ் என்ற உளவியலாளர் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கல்லூரி மாணவர்களை அனுப்பினார். முதியவர்களில் சிலர், மாணவர் எப்போது வர வேண்டும் என்று தாங்களே முடிவு செய்யலாம். சிலருக்கு வரும் நாள் முன்கூட்டித் தெரியும். சிலரிடம் மாணவர் திடீரென்று வந்து நிற்பார். வருகையை முடிவு செய்ய முடிந்தவர்களும் முன்னறிய முடிந்தவர்களும் தெளிவாகத் தேறினார்கள். ஆய்வு முடிந்தது, மாணவர்கள் போய்விட்டார்கள். இரண்டு, மூன்று ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால், அன்று தேறிய அதே இரு பிரிவினரும்தான் மளமளவென்று சரிந்திருந்தார்கள். நல்லெண்ணத்தோடு யாரோ தொடங்கி, ஆர்வம் தீர்ந்ததும் கலைத்துவிடும் குழு, தொடங்காமலே இருந்ததைவிடக் கெடுதல் செய்யக்கூடும். ஒரே ஆளின் உற்சாகத்தில் நிற்கும் வாசகர் வட்டமோ யோகா வகுப்போ அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை என்றதும் நின்றுபோவதை எந்த ஊரிலும் பார்க்கலாம். 1981-82இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய ‘மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்’ இதற்கு ஒரு வழி கண்டது. வெளியிலிருந்து ஆசிரியர் கிடையாது, பட்டம் கிடையாது. உறுப்பினரே ஒருவருக்கொருவர் கற்பிக்க வேண்டும். ஓய்வு பெற்ற மின்வாரியக்காரர் மின்சாரம் சொல்லித்தருவார், மறுவாரம் அவர் சாமை விதைப்பைக் கற்றுக்கொள்வார்.

கடைசியாக, கூடும் இடம். வயதில் வரும் காது மந்தம் உயர்ந்த அதிர்வெண்களில்தான் முதலில் கைவைக்கிறது. உயிரொலிகள் கேட்கும், ச, ஷ, த போன்ற மெய்களின் கூர்மை மழுங்கும். ஆகவே பேச்சு காதில் விழும், புரியாது. ஏரிக்கரையில் குயில் கேட்கும், தேன்சிட்டின் கீச்சு கேட்காது. பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவர் இருந்தால் கணக்கு சரியாகும். ‘என்ன சொன்னீங்க?’ என்று மூன்று தடவை கேட்டவர் நாலாவது தடவை சும்மா தலையாட்டுவார், அடுத்த மாதம் வர மாட்டார். 2024இல் ‘லான்செட்’ ஆணையம் பட்டியலிட்ட, தவிர்க்கக்கூடிய 14 மறதிநோய்க் காரணிகளில் பெரியவற்றுள் ஒன்று காது கேளாமை. தனிமையும் அந்தப் பட்டியலில் உண்டு. கான்கிரீட் மண்டபத்தில் ஓசை சுவரில் மோதித் திரும்பி, ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிவிடும். மின்விசிறி இரைச்சல் வேறு. புளியமரத்தடியில் எதிரொலிக்கச் சுவரே இல்லை. மழைக்காலத்தில் உள்ளேதான் உட்கார வேண்டுமென்றால் தரையில் ஜமுக்காளம் விரிக்கலாம், ஜன்னலுக்குத் திரை போடலாம், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவது என்று முதல் தீர்மானமாக எழுதலாம். வட்டமாக உட்கார்ந்து, காது மந்தமானவருக்கு வெளிச்சத்துக்கு முதுகு காட்டும் இடத்தைக் கொடுத்தால், பேசுகிறவரின் உதடு அவருக்கு நன்றாகத் தெரியும்.